புதன், சனி வெள்ளை

"நீ என்ன சோப்பு போடற காயத்ரி? மறைக்காம சொல்லு."

கேட்டது ரோகிணி. குவார்ட்டர்ஸின் பின்பக்கம் துவைக்கிற கல்லில் மகன் நிதினின் வெள்ளை பேன்ட்டைப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டிலும் புல்லின் பச்சை. பின்பக்கம் முழுக்கச் செம்மண்.

பள்ளிக்கூடத்தில் புதனும் சனியும் வெள்ளை யூனிஃபார்ம். விளையாட்டு பீரியட் இருக்கிற அந்த இரண்டு நாளையும் வெள்ளைக்கென்று தேர்ந்தெடுத்த புத்திசாலி யாரோ தெரியவில்லை. வாழ்நாளில் ஒரு கர்ச்சீப்கூடத் துவைத்திருக்க மாட்டான்.

"சாதாரண சோப்புத்தூள்தான் அக்கா," என்றாள் காயத்ரி. பக்கத்து வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் தன் மகன் ஆதித்யாவின் வெள்ளைச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கடல் காற்றில் அது கொக்கு மாதிரி படபடத்தது. "ஒரு அலசு அலசினாலே போதும்."

"போதாம என்ன? ஓடினாத்தானே அழுக்காகும். உன் பையன் போட்டுட்டு வர்ற துணிய அலசக்கூட வேணாம். மடிச்சு பீரோவுல வெச்சுடலாம்."

காயத்ரி அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். இந்தக் காலனிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. ரோகிணிக்குப் பதில் சொன்னால் பேச்சு நீளும் என்று தெரிந்துகொள்ள அது தாராளம்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சாச்சு. ஆப்பசோடா போட்டாச்சு. போன வாரம் மண்ணெண்ணெய் ஊத்தினேன். ரெண்டு நாள் வீடு பூரா ஸ்டவ் நாத்தம், கறை மட்டும் அசையல. இது சும்மா உட்கார்ந்து எழுந்த கறை இல்ல காயத்ரி. சறுக்கி விழுந்து பந்தை எடுத்த கறை. புரியுதா?"

"புரியுது அக்கா."

"உனக்கு எங்க புரியப்போவுது."

திங்கட்கிழமை செங்கல்பட்டில் ஜோனல் கால்பந்துப் போட்டி. ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டே பேர். யார் யாரென்று பி.டி. மாஸ்டர் இன்று சொல்வார். நிதின் பேர் நிச்சயம் என்று ரோகிணி கணவன் தாமோதரனிடம் சொல்லி, அவன் ஆபீஸ் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் கூடுவாஞ்சேரி நாத்தனாரிடமும் அவள் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் மகன் எப்போதோ கேரம் ஆடி ஒரு கப் வாங்கியவன். உள்ளங்கை உயரம்கூட இல்லாத அந்தக் கப்பை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக அவள் பேசுகிற பேச்சுக்குப் பதிலாக, ரோகிணிக்கு இந்த ஒரு பேர் வேண்டும். அதற்காகத்தான் விரல் இடுக்கெல்லாம் எரிய எரிய இந்தத் தேய்ப்பு. திங்கட்கிழமை அவன் பளிச்சென்று போய் நிற்க வேண்டும்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டால இன்ஜினியரிங் சீட்டே தர்றாங்க. உன் பையன பாட்டு கிளாஸ்லயாவது சேத்துவிடேன். அங்க துணி அழுக்காகாது."

"அவனுக்குப் பாட்டு வராது அக்கா."

"அதுவும் இல்லையா."

"வந்ததும் நாலு தோசை தின்னுட்டு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறான்."

"ஆமாமா. ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா இடுப்பு வலிக்காதா, பாவம்."

சந்துக்குள் ஒரு டி.வி.எஸ். வண்டி இருமிக்கொண்டே வந்து நின்றது. பி.டி. மாஸ்டர் கேசவன். திருப்போரூர்க்காரர். கழுத்தில் விசில், கையில் இரண்டு தாள்.

"ஆதித்யா வூடு இதானம்மா? ஃபாரத்துல ஒரு கையெழுத்து வோணும்."

ரோகிணி நுரையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இது நிதின் வீடு சார். ஆதித்யா அந்தப் பக்கம். நிதின் ஃபாரத்தைக் குடுங்க, நானே போடறேன்."

"நிதினுக்கு ஃபாரம் இல்லியேம்மா. ஆதித்யாவும் எஃப் பிளாக் ரஞ்சித்குமாரும்தான் போறாங்க." அவர் வேலிக்கு மேலே தாளை நீட்டினார். "உம் பையன் எறங்கினா கிரவுண்டுல புல்லு மிஞ்சாதும்மா. பன்னி மாதிரி பொரள்றான்."

"எங்க ஆதித்யாவா சார்?" காயத்ரி கொடியில் ஆடிய சட்டையைப் பார்த்தாள்.

"பின்ன?"

"சார், நிதின்," என்றாள் ரோகிணி. "ஏழாவது பி. நிதின்."

கேசவன் கொஞ்சம் யோசித்தார். "கண்ணாடி போட்டுகினு மரத்தடில புக் படிச்சிகினு இருப்பானே, அவனா? தங்கமான பையம்மா. அவனால எனக்கு ஒரு பேஜாரும் கெடையாது."

ரோகிணி சொட்டச் சொட்ட பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தாள். பச்சை முழங்கால்களை அவருக்குக் காட்டினாள். ஒருவேளை அவருக்குப் பார்வை சரியில்லையோ என்று நினைத்தாள். "அப்ப இது என்ன சார்? மரத்தடில படிச்சா இப்படி ஆகுமா? டேய் நிதின், இங்க வா."

நிதின் வந்தான். படித்துக்கொண்டிருந்த பக்கம் மூடிவிடாமல் புத்தகத்துக்குள் விரல் விட்டிருந்தான். எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது.

"பீரியட் ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் பாத்ரூம்ல டிரெஸ்ஸை மாத்திப்போம்மா. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவான்," என்றான். "அவங்க வூட்ல கறை பண்ணா அவனேதான் தொவைக்கணுமாம். நம்ம வூட்ல நீ இருக்கியே."