யானை வந்த நாள்

மாமனாருக்கு மாப்பிள்ளை என்றால் "வீட்டுக்குள்ள உட்கார்ந்து பட்டன் தட்டறவர்". விமான டிக்கெட் விற்கும் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலை என்று மகள் எவ்வளவோ சொல்லியும் அவர் மசியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தூங்கி எழுந்த மாப்பிள்ளையை அவர் ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன் மாப்பிள்ளை! உங்க சைட்டைத் திறந்தேன். ஒரு யானை ஆடி அசைஞ்சு வந்து, ஒயர் தடுக்கித் தொபுக்கடீர்னு விழுது! தும்பிக்கையைத் தொட்டா தும்முது! என்னா வேலைப்பாடு!"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. மாமனார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"எப்போ பார்த்தீங்க மாமா?"

"விடிஞ்சதுலேர்ந்து அதே வேலைதான். என் சிநேகிதங்க எல்லாருக்கும் அனுப்பினேன். அத்தனை பேருக்கும் யானை வந்துச்சாம்!"

"ஒருத்தருக்குக்கூட டிக்கெட் பக்கம் வரலையா?"

"டிக்கெட் யாருக்கு வேணும்?"

மாப்பிள்ளை அணைத்து வைத்திருந்த போனை உயிர்ப்பித்தார். மேனேஜர் விடாமல் கூப்பிட்டிருந்தார்.

"மாமா, எங்க சைட் மொத்தமா படுத்துட்டாதான் அந்த யானை வரும். படுக்காம பார்த்துக்கறதுதான் என் வேலை."

மாமனாரின் கைகள் மெல்ல விலகின.

"அப்போ அந்த யானை நீங்க செஞ்சது இல்லையா?"

"இல்ல மாமா. ஆபீஸ்ல வேற ஒருத்தர்."

மாமனார் பெருமூச்சு விட்டார்.

"அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா மாப்பிள்ளை?"