விசையில் சுற்றிய ரப்பர்

மரக்கன்றுக்குக் குழி தோண்டும் இயந்திரம் சரிவில் விழுந்தும் சுற்றிக்கொண்டே கிடக்கிறது. கைப்பிடி விசையிலிருந்து கையை எடுத்தால் அதுவாக நிற்க வேண்டும். ஆனால் நாளெல்லாம் விசையை அழுத்தினால் விரல் வெளுத்து மரத்துப்போகும் என்று இங்கே எல்லோரும் அதை அழுத்தியபடியே ரப்பர் பட்டையால் சுற்றிவிடுகிறார்கள். திருகு முனை வேரில் மாட்ட, கைப்பிடி சுழன்று அடித்திருக்கிறது. தோண்டுகிறவனின் மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்குகிறது. கீழே கிடந்தபடி அதை யாருடைய கையையோ போல அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேஸ்திரி ஓடி வருகிறார். அவருக்கு ஓடத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிகிறது. இயந்திரத்தை அணைக்கிறார், ரப்பரை அவிழ்த்துச் சட்டைப்பையில் போடுகிறார், ஆபீசுக்கு அனுப்பக் கைபேசியில் படம் எடுக்கிறார். அப்புறம்தான் அவன் பக்கம் திரும்புகிறார்.

"விசை சரியாத்தான்பா இருக்கு. நீதான் அசந்துட்ட, என்ன?"

"ஆமாண்ணே."

தண்ணீர் புகட்டிக்கொண்டிருக்கும் அவன் மச்சானிடம், "இவனை நான் பாத்துக்கறேன். நீ போய் மெஷினைப் பிடி. இன்னும் எண்பது குழி கிடக்கு" என்று சொல்லி மேஸ்திரி பைக்குள்ளிருந்து ரப்பரை எடுத்து நீட்டுகிறார். மச்சான் தயங்குகிறான். கீழே கிடப்பவன்தான் அக்கறையோடு சொல்கிறான்:

"வாங்கி நல்லா இறுக்கிச் சுத்திக்க மச்சான். இல்லேன்னா விரல் மரத்துடும்."