மே தினத்தில் கண்மூடியவர்கள்

ஆர்டர் இல்லாமல் போன அந்த வருடம்தான் முதலாளிக்கு மே தினம் ஞாபகம் வந்தது. பனியன் கம்பெனி முற்றத்தில் பாய் விரித்து டெய்லர்கள் எல்லோரையும் படுக்கவைத்தார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க. எவளாச்சும் கண்ணத் தொறந்தா நாளைக்கு வேலைக்கு வரவேணாம்" என்று அதட்டியபடி சூப்பர்வைசர் பாய்களுக்கு நடுவே நடந்தார்.

கண்மூடிக் கிடந்த மயிலாத்தாளுக்குக் கம்பெனிக் கட்டிடத்துக்குள்ளிருந்து இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. தையல் மெஷின்களை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள். ஒரு பெடல் கிறீச்சிட்டது. அது அவளுடையது. பதினோரு வருடம் மிதித்த கால் தானாகத் துடித்தது.

லாரி உறுமிக் கிளம்பியது. தூக்கத்தில் புரள்பவள்போல உருண்டுபோய் அதன் வழியை மறித்துப் படுத்தாள். ஹாரன் அலறியது.

"ஏய், எந்திரி!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"இன்னிக்கு லீவுங்க சார்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.