கதகதப்பு இருந்த இடம்
மாரீ ஏரிக்கரையில் நிற்கும் வேனுக்குள் விடியல் வெளிச்சம் கண்ணாடியின் உறைபனி வழியே மங்கலாக இறங்குகிறது. டீசல் ஹீட்டர் மூன்றாவது முறையாக உறுமி, வோல்டேஜ் போதவில்லை என்று சிவப்பாகச் சிமிட்டி அடங்குகிறது. "ஹீட்டர் முனையில மீட்டர் பன்னெண்டரை வோல்ட் காட்டுதே! கரண்ட் சரியா வருது, ஹீட்டர்தான் போச்சு. போதும், வீட்டுக்கே போயிடலாம்," என்று வண்டிச் சாவியை எடுக்கிறான் ஃபர்கஸ். "அது தூங்கறப்ப அளந்தா அப்படித்தான் காட்டும். ஓடவிட்டு அளந்து பாரு, மகாராசா," என்கிறாள் மனைவி இஷ்பெல். அவன் ஹீட்டர் பொத்தானை அழுத்துகிறான். மீட்டரில் எண் பத்துக்குச் சரிகிறது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே வருகிறாள். ஒயரெல்லாம் ஜில்லிட்டிருக்க, ஃபியூஸ் ஹோல்டரில் விரல் நின்றுவிடுகிறது. அந்த வேனிலேயே அங்கே மட்டும்தான் கதகதப்பு. "நம்ம சூட்டையெல்லாம் இதுதான் தின்னுட்டு உக்காந்திருக்கு!" ஃபியூஸ் முனைகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பை அவள் சுரண்டி, திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஹீட்டர் உறுமுகிறது, தயங்குகிறது, பிறகு டிக் டிக்கென்று டீசலை இழுக்கத் தொடங்குகிறது. சாவியைக் கீழே வைத்துவிட்டு, ஃபர்கஸ் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றுகிறான்.