கசிவு

அந்த நீல உறையை அனிதா ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு நர்ஸ் ஜெயமேரி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அதைப் பச்சைத் துணிக்கு அடியில் செருகிவிட்டாள்.

மேஜையில் படுத்திருந்தவர் செம்பியன். கடலூரில் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி வைத்திருப்பவர். உள்ளூரில் ஆஞ்சியோ செய்துகொண்டால் முதலாளிக்கு நெஞ்சுவலி என்று ஊரெல்லாம் பரவிவிடுமே என்று சிதம்பரத்துக்கு வந்திருந்தார்.

"தமிழ்நாட்டுல பாதி ஆஸ்பத்திரிக்கு நம்ம சரக்குதாம்மா போவுது," என்று படுத்தபடியே ஜெயமேரியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பேசு, நல்லா பேசு என்று மனதுக்குள் கறுவினாள் அனிதா.

முகக்கவசமும் தொப்பியுமாக நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கா தெரியாது? இந்த முகம் ஒரு நாள் தன் கண்ணெதிரில் வேர்த்து வழிய வேண்டும் என்று அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவள் அவள். இதற்கெல்லாம் அந்தோணியார் உதவுவாரா என்று அவள் யோசிக்கவே இல்லை.

அவர் கம்பெனியில் வால்வு வடிவமைத்தவள் அவள்தான். சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சிலிக்கோன் வட்டு, நடுவே ஒரு கீறல். டாக்டர் ரத்தக்குழாய்க்குள் டியூபை விடும்போது கீறல் விரியும், எடுத்ததும் மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராது.

அந்த வால்வு கசிந்துதான் சேத்தியாத்தோப்பு அமிர்தம் டீச்சர் இறந்துபோனார். "டிசைன் கோளாறு. எங்க இன்ஜினியர் பொண்ணு பண்ண தப்பு," என்று விசாரணையில் கூசாமல் சொல்லிவிட்டார் செம்பியன். சிலிக்கோனை எடுத்துவிட்டு மட்டமான ரப்பரைப் போடச் சொன்னது அவர்தான். வாயால் சொன்னதற்கு ஏது சாட்சி?

அதோடு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட போனில் அந்தச் செய்தியை எடுத்துக் காட்டி, "இது உங்க பொண்ணுதானே?" என்று அப்பாவைக் கேட்டார்கள். இந்த ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் வேலைக்கு வந்தபோது டாக்டர் மாலதியும், "அந்த வால்வு அனிதாவா நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். பெயர் கெட்டது கெட்டதுதான்.

"எம் மச்சான் எங்கம்மா?" என்றார் செம்பியன்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்திருக்காரு சார். இங்க பேசறது அங்க கேக்காது. அவரு உங்ககிட்ட பேசணும்னா மைக் இருக்குது," என்றாள் ஜெயமேரி.

ஊசி முதல் ஒயர் வரை நோயாளியின் ஆட்களே வாங்கித் தர வேண்டும் என்பது இங்கே வழக்கம். செம்பியனின் மனைவிக்குத் தம்பியான இளவரசு காலையிலிருந்து அதற்கு அலைந்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மாலதி வந்து, மணிக்கட்டு மரத்துப்போக ஊசி போட்டார். ஆஞ்சியோவில் அதுதான் வசதி. கைதான் மரத்துப்போகும், ஆளுக்குக் கண் தெரியும், காது கேட்கும், வாயும் பேசும். அனிதாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர்.

அனிதா நீல உறையை வெளியே எடுத்து, செம்பியனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதப் பிரிச்சிடட்டுமா சார்?"

குரலைக் கேட்டதும் அவர் திடுக்கிட்டார். உறையில் இருந்தது அவருடைய கம்பெனியின் பெயர். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"அனிதா... நீயா? டாக்டர், இவள வெளிய அனுப்புங்க! என்னக் கொல்லணும்னே இத எடுத்தாந்திருக்கா!"

"என்ன சார், இது உங்க வால்வுதானே?"

"அதான் வேணாங்கறேன்! அது கசியும் டாக்டர்!"

"டிசைன் கோளாற சரி பண்ணிட்டோம்னு நீங்கதானே விசாரணையில சொன்னீங்க?"

"டிசைன்ல ஒரு கோளாறும் இல்ல. ரப்பரு... ரப்பர நாந்தான் மாத்தச் சொன்னேன். இன்னிக்கும் அதேதான் போவுது. அந்த டீச்சர் செத்ததும் அதாலதான், போதுமா? இது இவளுக்குத் தெரியும். பழி வாங்கறதுக்குன்னே எங்கியோ தேடிப் புடிச்சி கொண்டாந்திருக்கா. போலீஸக் கூப்புடுங்க!"

ஜெயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் மாலதி குனிந்து உறையைப் பார்த்தார்.

"இத நீயா எடுத்தாந்த?" என்றார் அனிதாவிடம்.

அனிதா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக் கையிருப்பிலிருந்து வேறொரு கம்பெனியின் நல்ல வால்வு டாக்டரின் தட்டில் தயாராக இருந்தது. எடுத்து வைத்தவளும் அவள்தான். கொல்வதாவது! இந்த ஆள் நன்றாகப் பிழைத்து எழுந்து, இதையே கோர்ட்டிலும் சொல்ல வேண்டும். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"பொய் சொல்றா டாக்டர்! இவளத் தவுர வேற யாரு இத உள்ள கொண்டாந்திருப்பா?" என்று மற்றொரு கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார் செம்பியன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காமல், அக்கா புருஷன் தவிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இளவரசு பதறி எழுந்து மைக்கை அழுத்தினார்.

"பயப்படாதீங்க மாமா, வெளியில எவனையும் நம்பாம நம்ம குடோன்லேருந்தே வால்வ எடுத்தாந்து குடுத்திருக்கேன்!"