திருப்பம் சரியில்லை

பெற்ற தகப்பனையே கள்ளனாக்கி, அதை ஒரு கணினி விளையாட்டாகவும் செய்து, மாணவர் கண்காட்சிக்கு வேறு கொண்டுவந்துவிட்டாள் கம்சாயினி. அன்று ஆரையம்பதி முழுக்க இதே பேச்சு.

ஆறரை வருடத்துக்கு முந்திய விசயம். சுனாமி அன்று பூபாலபிள்ளை முதலாளியின் அடகுக்கடையைக் கடல் அடித்துப்போட்டது. தண்ணீர் வற்றிய பிறகு போய்ப் பார்த்தால், நகைகள் இருந்த இரும்புப்பெட்டியைக் காணவில்லை. காவலுக்கு நின்ற அவளுடைய தகப்பன் வினாயகமூர்த்தியையும் காணவில்லை. பாதி ஊரின் தாலிக்கொடி அந்தப் பெட்டிக்குள்.

"மூர்த்தி நல்லவன்தான். ஆனா ரெண்டையும் ஒண்டாக் காணல்லையே..." என்று முதலாளி பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. யுத்த காலத்தில் இதையெல்லாம் யார் விசாரித்தார்கள்? யுத்தமும் முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது. கம்சாயினி மட்டும் இன்னமும் 'கள்ளன்ட மகள்'.

அவர் எடுக்கவில்லை என்று இத்தனை காலமும் சொல்லி வந்தது தாயும் மகளும் மட்டும்தான். இப்போது மகளும் கட்சி மாறிவிட்டாள்.

"இதென்னகா புள்ள? வந்து பதில் சொல்ல ஏலாத மனுசன், அவரை நீயும் சேந்து அடிக்கிறாய்?" தாய் இரத்தினம்மா மூக்கைச் சிந்தி அழுதாள்.

கணினி படிப்பித்த அஸ்பாக் சேருக்கு வேறு கவலை.

"தங்கச்சி, வரைபடம் அந்த மாதிரி! நம்மட ஆத்தை அளந்து எடுத்து வெச்ச மாதிரியே இருக்கு. ஆனா கடைசித் திருப்பம் படு மோசம். ஒரு தடயமும் வைக்காம, முடிவில திடீரெண்டு காவல்காரன்தான் கள்ளன் எண்டா, விளையாடுறவனுக்குக் கோவம்தான் வரும். அதை மாத்துங்க."

"இல்ல சேர். அது அப்பிடியே இருக்கட்டும்."

பிடிவாதக்காரி. அஸ்பாக் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்குப் பிரதம விருந்தினர் வேறு யாருமில்லை, பூபாலபிள்ளை முதலாளியேதான். பாசிக்குடாவில் இப்போது அவருக்கு மூன்று மாடியில் ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. பரிசுகளெல்லாம் அவருடைய உபயம். அவர் போய்க் கம்சாயினியின் மேசையில் உட்கார்ந்ததும் மண்டபமே அங்கே கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க ஆள் சேர்வதற்குச் சொல்லவா வேண்டும்?

தோணி வலித்து, முதலைக்குத் தப்பி, ஆறு முழுக்கப் பெட்டியைத் தேட வேண்டும். முதலாளி சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். முதலை துரத்தியபோது உண்மையாகவே காலைத் தூக்கினார். ஒரு வழியாகக் கல்லடிப் பாலத்தடியில் மூழ்கிப் பெட்டியைப் பிடித்தார். உள்ளே நகைகள் மின்ன, திரையில் பெரிய எழுத்து வந்தது: 'திருடியது காவல்காரன்!'

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன மகள் இது? இதுவும் ஒரு திருப்பமா?"

"ஏன் ஐயா, பிழையா?"

"ஒண்டா ரெண்டா? காவல்காரனுக்குச் சாவி ஏது? அது முதலாளிட இடுப்பிலதானே இருக்கும். அந்தப் பாரத்தைத் தனி ஆளாத் தூக்க ஏலுமா? ட்ரக்டர் வேணும். அதோட, எந்த விசரன் கொண்டுபோய்ப் பாலத்தடியில போடுவான்? நாள் முழுக்க அங்க தோணியும் வலையும். அடுத்த நாளே அம்பிட்டிருமே!"

கூட்டம் சிரித்தது. கம்சாயினியின் கண்கள் கலங்கின.

"எனக்குக் கதை எழுத வராது ஐயா. அப்ப எங்க போட்டா ஆக்கள் நம்புவாங்க?"

பெரிய மனுசனுக்கு மனம் இளகிவிட்டது. போதாததற்குச் சுற்றிலும் இத்தனை பேர் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது லேசில் விடாது. மவுஸைப் பிடித்து வரைபடத்தை மெல்லத் தெற்கே நகர்த்தினார். பாலம் போனது. மீன் வாடிகள் போயின. கண்டல் பத்தைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கி வளையும் ஒரு மூலை வந்ததும் கையை நிறுத்தினார். கொஞ்சம் முன்னே போய், திரும்பப் பின்னே வந்து, சிவப்புக் குறி ஒன்றைக் குத்தினார்.

"இந்தா, இஞ்ச. இடுப்பளவு சேறு. மீன் படாது, தோணி வராது. கதையெண்டா இப்பிடி நம்புற மாதிரி இருக்க வேணும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு ஐயா," என்றாள் கம்சாயினி. குறி வைத்த வரைபடத்தை அப்போதே அச்சடித்து, இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு மூன்றாம் பரிசு, ஒரு சுவர் மணிக்கூடு. அதைக் கையில் கொடுத்துவிட்டு முதலாளி ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்தப் பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. கதையை மட்டும் கொஞ்சம் திருத்தினால் போதும்." மண்டபம் கைதட்டியது. எல்லாருக்கும் முன்னதாகக் கைதட்டத் தொடங்கியவள் கம்சாயினி.

மறுநாள் காலை, கம்சாயினி கொண்டுபோய்க் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, முதலாளி திருத்திக் கொடுத்த இடத்திலேயே சேற்றில் இறங்கிய சுழியோடிகள், பொலிசாரின் கண்முன்னே ஓர் இரும்புப்பெட்டியைக் கரையேற்றினார்கள். உள்ளே ஒரு பொட்டு நகை இல்லை, கதவில் ஒரு கீறல் இல்லை, பூட்டில் சாவி மட்டும் அப்படியே இருந்தது.