மேடத்துக்குத் துணை

"இன்னைக்கும் போச்சு!"

நெட்டை முதுகுப்பையைப் பெஞ்சில் எறிந்தான். "கடல் தாண்டி வந்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டுத் திரும்பறோம். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

கள ஆய்வுக்காக அந்த மழைக்காட்டுக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள் அத்தனை பேருக்கும் அதே எரிச்சல்தான். மலைமேல் ஓர் இரும்புக் கோபுரம். ஏறினால் மர உச்சிகளுக்கும் மேலே நிற்கலாம். இருவாச்சிப் பறவைகள் நம் காலுக்குக் கீழே பறக்குமாம். ஆனால் மதியமானால் மழையும் மின்னலும் தவறாமல் வந்துவிடும் என்பதால், பதினோரு மணிக்கு மேல் காவலர் யாரையும் ஏற விடமாட்டார். இவர்கள் போய்ச் சேரும்போதெல்லாம் ஏணிக் கதவு பூட்டியிருந்தது.

காரணம், பாசி மேடம்.

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. நாலு எட்டு வைப்பதற்குள் "எல்லாரும் நில்லுங்க!" என்பார். ஏதாவது ஒரு மரத்தைக் காட்டுவார்.

"இதுல என்ன தெரியுது?"

"பாசி, மேடம்."

"என்ன கலர்?"

"பச்சை, மேடம்."

"எத்தனை விதமான பச்சை? நல்லாப் பாருங்க. அவசரமே இல்ல."

அவருக்கு அவசரமில்லை, சரி. மற்றவர்கள்? அட்டைகள்கூட அவர்களை முந்திக்கொண்டு போயின.

"பாவம், ஓய்வு பெறப் போற வயசு. மூச்சு வாங்குது. சொல்ல வெக்கம், அதான் பாசியைக் காட்டறாங்க," என்றாள் வாயாடி.

நெட்டை உடனே எழுந்து, இடுப்பில் கை வைத்து, மேடத்தின் குரலிலேயே "நல்லாப் பாருங்க" என்றான். சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. கோபுரத்துக்காக அதிகம் துடித்தவனும் அவன்தான். விமானம் ஏறியதிலிருந்து இருவாச்சிப் பேச்சுதான். பக்கத்து சீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி நடித்துத்தான் தப்பித்தார்.

"நாளைக்குக் கடைசி நாள்," என்றாள் வாயாடி. "மேடம் இங்கயே இருக்கட்டும். உதவிப் பேராசிரியர் நம்மள வேகமாக் கூட்டிட்டுப் போயிடுவார். யார் போய்ச் சொல்றது?"

எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள்.

"நானா? வேற ஆளே கிடைக்கலையா?"

"அவங்க மாதிரியே பேசத் தெரியுதுல்ல? அவங்ககிட்ட பேசவும் தெரியும். போ!"

என்னென்னவோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தான். விடவில்லை. தள்ளிக்கொண்டே போனார்கள்.

மேடம் ஆய்வு அறையில், பறித்துவந்த இலைகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உதவிப் பேராசிரியர்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க," என்று ஆரம்பித்தான் நெட்டை. "ஏத்தம் ஜாஸ்தி. உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. நாளைக்கு நீங்க ஓய்வெடுத்துக்கிட்டா..."

"என்னாலதான் நீங்க கோபுரம் ஏற முடியலைங்கறீங்க."

வாயாடி மெல்ல நெட்டையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

உதவிப் பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "யார்கிட்ட என்ன பேசறோம்னு புரிஞ்சுதான் பேசறீங்களா? மேடம் ஏறாத மலை..."

"விடுங்க சார்." மேடம் கைகாட்டி நிறுத்தினார். "பசங்க சொல்றது நியாயம்தான். ஒருத்தருக்கு முடியலைன்னா எல்லாரும் ஏன் ஏமாறணும்? நாளைக்கு நீங்க இவங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் விடியும்போதே கிளம்பி, மெதுவா மேல வந்து சேர்ந்துடறேன். துணைக்கு ஒருத்தர் வந்தாப் போதும்."

எல்லோரும் அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள்.

"எனக்காக இவ்வளவு கவலைப்பட்டவன் நீதான்," மேடம் நெட்டையைப் பார்த்தார். "நீயே வா."

வெளியே வந்ததும் ஆளுக்கு ஒரு தட்டு முதுகில். "மாட்டினியா! நாங்க மேலேருந்து உனக்குக் கை காட்டறோம்!"

நெட்டை சிரிக்கவில்லை. இந்த அம்மாவோடு போனால் கோபுரம் ஏறின மாதிரிதான் என்று முடிவே கட்டிவிட்டான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் வேறு யாரை நோவது?

விடிந்தும் விடியாத வேளையில், காடு இன்னும் இலைக்கு இலை சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் முன்னால் நடந்தார். நெட்டை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனான். கொஞ்ச தூரத்திலேயே ஒன்று கவனித்தான். மேடம் எந்த மரத்தையும் காட்டவில்லை. அவருக்கு மூச்சும் வாங்கவில்லை.

அவனுக்குத்தான் வாங்கியது.

தங்குமிடம் கண்ணுக்கு மறைந்த முதல் திருப்பத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். நெஞ்சுக்குள் மெல்லிய விசில். சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தவன், மேடம் திரும்புவதைப் பார்த்துச் சட்டென்று கைக்குள் மறைத்தான்.

"உறிஞ்சுப்பா. இங்க வேற யாரும் இல்ல."

"மேடம்... உங்களுக்கு எப்படி..."

"என் தம்பிக்கும் இதேதான். அந்த விசில் எனக்குப் புதுசா? முதல் நாளே கேட்டுட்டேன். இங்க இருக்கற டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். நின்னு நின்னு ஏறினா ஒண்ணும் ஆகாதுன்னார்."

"தெரிஞ்சா கூட்டிட்டு வரமாட்டீங்கன்னு பயந்து மறைச்சுட்டேன், மேடம்." அவன் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய் நான் அத்தனை பேர் முன்னாடி..."

மேடம் பையை இறக்கிவிட்டு, ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கும் இடம் காட்டினார்.

"உன்னை ஒருத்தனை நிறுத்தறதுக்காக இத்தனை நாளா எல்லாரையும் நிறுத்த வேண்டியிருந்தது. இன்னைக்கு அந்தத் தொல்லை இல்ல. எங்க முடியலையோ அங்கெல்லாம் உட்காரு. காவலர் பூட்டைத் திறக்கும்போது முதல் ஆளா நீ ஏறணும்!"